ஆச்சியைப் பார்த்துக்கிறவங்களுக்கு இ.எஸ்.ஐ. ஏன் இல்லை?

கல்லல்ல எங்க தெருவுல பாதி வீடு பூட்டிக் கிடக்கு. திறந்திருக்கிற வீடுகள்ல பெரும்பாலும் எழுபது, எண்பது வயசு ஆட்கள்தான். பிள்ளைங்க சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர். எங்க வீடும் அப்படித்தான். ஆத்தாவைப் பார்த்துக்க மூணு வருஷத்துல அஞ்சு பேர் வந்திருக்காங்க. நாலாவதா வந்த அக்காவுக்குப் பித்தப்பையில கல். ஆபரேஷன்னு ஊருக்குப் போனாங்க. ஒரு மாசச் சம்பளத்தைக் கொடுத்துட்டு நான் அடுத்த ஆளைத் தேட ஆரம்பிச்சேன். “அவளுக்கு இப்ப எப்படி இருக்காம்?”னு ஆத்தா கேட்டப்ப என்கிட்ட பதில் இல்லை.

அந்தக் கேள்விதான் என்னை இ.எஸ்.ஐ. வரலாற்றுப் பக்கம் இழுத்துட்டுப் போச்சு.

1943-ல் பிரிட்டிஷ் இந்திய அரசு, தொழிலாளர்களுக்கு ஒரு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தயாரிக்கும்படி பேராசிரியர் பி.பி. அடார்கரிடம் கேட்டது. 1944-ல் அவர் அறிக்கை தந்தார். 1948-ல் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார்.

அடார்கர் கண் முன்னால் இருந்தது ஆலைத் தொழிலாளி. ஆலையில் வருகைப் பதிவேடு உண்டு, சம்பளத்தில் பிடித்துக் கட்ட ஓர் ஆபீஸ் உண்டு. அதனால் சட்டம் வேலையைப் பார்க்கவில்லை, வேலை நடக்கும் இடத்தைப் பார்த்தது. பிறகு கடை, ஓட்டல், தியேட்டர், பல மாநிலங்களில் தனியார் மருத்துவமனை என்று வட்டம் பெரிதானது. இன்றைய கணக்கு: பத்துப் பேராவது வேலை செய்யும் இடம், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள். முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் கட்டணும். குடும்பத்துக்கே சிகிச்சை கிடைக்கும். அதோடு, நோயில் படுத்தால் வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளமும் உண்டு.

இப்ப யோசிச்சுப் பாருங்க. ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கிற அக்காவுக்கு இ.எஸ்.ஐ. அட்டை கிடைக்கலாம். அதே அக்கா அதே வேலையை எங்க வீட்டுல செஞ்சா கிடையாது. வீடு சட்டத்தின் கண்ணில் நிறுவனம் இல்லை.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கேன்னு கேட்கலாம். அதுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கணும். மாசம் 18,000 வாங்கினாலே வருஷத்துக்கு 2,16,000 ஆயிடுது. அங்கே வருமானம் அதிகம், இங்கே வீடு நிறுவனம் இல்லை. எங்க புரோகிராமர் பாஷையில, ரெண்டு கண்டிஷனுமே ஃபால்ஸ்.

காப்பீடு எதுக்கு, சம்பளத்தைக் கூட்டினா போதாதா? இதுக்கு சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பதில் இருக்கு. 1990-களின் கடைசியில் அங்கே வீட்டுப் பராமரிப்பு வேலையாட்களின் சம்பளம் கிட்டத்தட்ட இரட்டிப்பானது, மருத்துவக் காப்பீடும் சேர்ந்தது. புதுசா சேர்ந்தவங்களில் ஒரு வருஷம் தாண்டி நிலைத்தவர்கள் 39 சதவீதத்திலிருந்து 74 சதவீதமானார்கள். பொருளாதார அறிஞர் கேண்டஸ் ஹௌஸ் 2005-ல் இதை ஆராய்ந்து எழுதினார். மணிக்கு 8 டாலர் கூலியில் ஒரு டாலர் கூட்டினால் நிலைப்போர் விகிதம் 17 புள்ளி உயரும், காப்பீடு சேர்த்தால் 21 புள்ளி உயரும் என்பது அவர் மதிப்பீடு. அங்கே பலர் சொந்தக்காரங்களையே பார்த்துக்கிட்டவங்க. அதனால் கணக்கை அப்படியே கல்லலுக்குத் தூக்கிட்டு வர முடியாது. ஆனா திசை தெரியுது.

சிங்கப்பூர் வேற வழியில போச்சு. அங்கே வீட்டு வேலைக்கு வெளிநாட்டுப் பெண்ணை வைத்தால் மருத்துவக் காப்பீடு எடுப்பது முதலாளியின் கடமை. 15,000 வெள்ளியாக இருந்த குறைந்தபட்ச ஆண்டு வரம்பு, 2023 ஜூலையிலிருந்து 60,000 வெள்ளி. நம்ம ஊர்ப் பிள்ளைங்க அங்கே இதைக் கட்டுறாங்க. அதே பிள்ளைங்க இங்கே தன் ஆத்தாவைப் பார்த்துக்கிறவங்களுக்கு ஒண்ணும் கட்டுறதில்லை, ஏன்னா யாரும் கேட்கிறதில்லை.

நம்ம நாட்டிலும் கதவு கொஞ்சம் கொஞ்சமாத் திறந்திருக்கு. 2011-ல் மத்திய அரசின் ஆர்.எஸ்.பி.ஒய். காப்பீடு, வீட்டு வேலையாட்களுக்கு 30,000 ரூபாய் வரை விரிவானது. 2024 இடைக்கால பட்ஜெட்டில் ஆஷா, அங்கன்வாடி பணியாளர்களுக்கு ஆயுஷ்மான் பாரத் அறிவிக்கப்பட்டது. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, அமைப்புசாரா தொழிலாளர்களுக்கும் இ.எஸ்.ஐ. பலன்களைத் தர மத்திய அரசு திட்டம் வகுக்கலாம் என்கிறது. ‘வகுக்கலாம்’தான், ‘வகுக்க வேண்டும்’ இல்லை.

இப்ப இருக்கிற அஞ்சாவது அக்காவுக்கு நான் ஒரு பாலிசி எடுத்திருக்கேன். அது ஆஸ்பத்திரிச் செலவை மட்டும்தான் தரும். படுத்தா சம்பளம் தராது. அதனால வருஷத்துக்கு முப்பது நாள் சம்பளத்தோட லீவுன்னு ஒரு நோட்டுல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். இதனால அவங்க நிலைச்சு இருப்பாங்களான்னு இனிமேதான் பார்க்கணும். நாலாவது அக்காவுக்கும் போன் பண்ணினேன். நல்லா இருக்காங்களாம். ஆத்தாகிட்ட சொல்லிட்டேன்.