ரிவால்வர் பிடி: சிறு சட்டக வகைக்கு மாற்றுப் பிடி தேர்வு

ரிவால்வரில் உள்ளங்கை பற்றும் பகுதியின் இருபுறமும் திருகால் பொருத்தப்படும் மரம், ரப்பர் அல்லது பிளாஸ்டிக் சில்லுகள் பிடி எனப்படும். பேச்சு வழக்கில் கிரிப். குழல், சிலிண்டர், விசை ஆகியவற்றைத் தொடாமல் துப்பாக்கியை உரிமையாளரின் கைக்கு ஏற்றபடி மாற்ற இதைவிட எளிய வழி கிடையாது. தொழிற்சாலை ஒரே அளவில் பிடி செய்து அனுப்புகிறது. வாங்குபவர்களின் கைகளோ ஒன்றுபோல் இருப்பதில்லை. சிறிய ரிவால்வரில் இந்த இடைவெளி கூடுதலாக உறைக்கும்.

சிறு சட்டகம் என்பது அமெரிக்காவிலிருந்து வந்த பாகுபாடு. ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் தன் சட்டகங்களை ஜே, கே, எல், என் என்று அளவு வாரியாகப் பிரித்தது. 1950-இல் வந்த ஐந்து தோட்டா ‘சீஃப்ஸ் ஸ்பெஷல்’ ஜே வகையின் முன்னோடி. இந்தியாவில் இந்தப் பெயர்கள் புழக்கத்தில் இல்லை. இங்கே பொதுமக்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் .32 ரிவால்வர். படையும் காவல் துறையும் பயன்படுத்தும் .38, 9 மி.மீ. போன்றவை தடை செய்யப்பட்ட துளை வகையில் வருவதால் சாதாரண லைசென்ஸில் அவற்றை வாங்க முடியாது. .32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங் என்ற தோட்டா 1896-இல் அறிமுகமானது. குண்டின் எடை ஏறக்குறைய 6.3 கிராம். பின்னுதைப்பு மிதமானது. ஆகவே இந்திய உரிமையாளருக்குப் பிடி மாற்றம் உதைப்பைத் தாங்குவதற்காக என்பதைவிட, விசையை நேராக இழுப்பதற்காகவே அதிகம் தேவைப்படுகிறது.

இந்திய மாதிரிகள்

கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர், பிரிட்டனின் வெப்லி மார்க் 4 வடிவத்தைப் பின்பற்றியது. மேல்பூட்டைத் திறந்தால் குழலும் சிலிண்டரும் சேர்ந்து முன்னே மடியும். வெற்றுத் தோட்டாக்கள் மேல்நோக்கி வெளிவரும். 2014 ஜனவரியில் அதே தொழிற்சாலை டைட்டானியம் கலப்பு உலோகத்தில் ‘நிர்பீக்’ என்ற மாதிரியை வெளியிட்டது. எடை 500 கிராம். அப்போதைய விலை ரூ.1,22,360. டெல்லியில் 2012-இல் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி இறந்த பெண்ணின் நினைவாகப் பெயரிட்டு, பெண்களுக்கான துப்பாக்கி என்று விளம்பரப்படுத்தினார்கள். எடையைக் குறைத்தது மட்டும் ஒரு துப்பாக்கியைப் பெண்களுக்கு உகந்ததாக்கிவிடாது. சிறிய கைக்கு முதல் தடை எடை அல்ல, விசைக்கும் பிடியின் முதுகுக்கும் உள்ள தூரம். அதைக் கவனிக்காமல் வாங்கியவர்கள் பலர் இருப்பார்கள்.

2023 ஆகஸ்ட் 18-இல் கான்பூரில் அறிமுகமான ‘பிரபல்’ வேறு அமைப்பு. அதன் சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும். எடை 700 கிராம், குழல் 76 மி.மீ., மொத்த நீளம் 177.6 மி.மீ. உத்தரப் பிரதேசம் ஹர்தோய் மாவட்டத்துச் சண்டிலாவில் வெப்லி அண்ட் ஸ்காட் பெயரிலும் .32 ரிவால்வர்கள் தயாராகின்றன.

திருச்சியில்

திருவெறும்பூரை அடுத்த நவல்பட்டுப் பகுதியில் 1966 முதல் இயங்கும் படைக்கலத் தொழிற்சாலையின் பெயர் நீள்துப்பாக்கிகளோடு சேர்ந்தது: இன்சாஸ், ‘டார்’ எனப்படும் திருச்சி அசால்ட் ரைஃபிள், வித்வன்சக் என்ற கனரகத் துப்பாக்கி. 2021 அக்டோபர் 1-இல் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டபோது இதுவும் கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையும் ஒரே பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் வந்தன. ரிவால்வர் இங்கே தயாராகாவிட்டாலும் பிடியின் வரலாற்றில் திருச்சிக்கு இடம் உண்டு: பழைய ரைஃபிள்களின் மரப் பாகங்களுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் வந்த மாற்றத்தை இங்கே தயாரான இன்சாஸிலேயே பார்க்கலாம்.

கே.கே. நகர் ஆயுதப்படை வளாகத்தில் உள்ள திருச்சி ரைஃபிள் கிளப், 47-வது தமிழ்நாடு மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியை 2022 ஜூலையில் நடத்தியது. நடிகர் அஜித் குமார் கலந்துகொண்டதால் ஊரே பேசிய போட்டி அது. பிடித் தேர்வைக் கற்க விரும்புபவர் பார்க்க வேண்டியவர்கள் போட்டி வீரர்கள்தான். 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் பிரிவில் பெரும்பாலோர் சுடுவது இதே .32 தோட்டாவை. அவர்களுடைய வால்நட் பிடிகள் கைரேகை வரை பொருந்தும்படி அரத்தால் சீவப்பட்டிருக்கும். பன்னாட்டு விதிப்படி துப்பாக்கி முழுதும் 300 × 150 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும், பிடி மணிக்கட்டைத் தாங்கக் கூடாது. அந்தப் பெரிய பிடியைத் தற்காப்பு ரிவால்வரில் மாட்ட முடியாது. ஆனால் தன் கையை அளந்து அதன்படி பிடி செய்துகொள்ளும் அவர்களுடைய பழக்கத்தை யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

கையை அளத்தல்

முதலில் தோட்டாக்களை எல்லாம் எடுத்து வேறு அறையில் வைத்துவிட்டு, சிலிண்டரின் ஒவ்வொரு அறையையும் வெளிச்சத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள கவையைப் பிடியின் முதுகில் எவ்வளவு மேலே ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றிப் பிடித்து, துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் நீட்டிப் பார்க்கலாம். குழலும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அப்படி இருக்கும்போது ஆள்காட்டி விரல் விசையின் மீது எங்கே விழுகிறது என்பதே அளவு. நாய் (சுத்தியல்) தானாக எழுந்து விழும் டபுள் ஆக்‌ஷன் இழுப்புக்கு 4 முதல் 5 கிலோ வரை அழுத்தம் தேவைப்படலாம். அதற்கு விரலின் முதல் மூட்டுக் கோடு விசையில் பதிய வேண்டும். நாயைக் கையால் இழுத்துவிட்டுச் சுடுவதற்கு நுனிச் சதையே போதும்.

விரல் எட்டாவிட்டால் பலர் அறியாமலேயே கையை வலப்பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள். உதைப்பு கட்டைவிரல் மூட்டில் ஏறும், குண்டு குறி விலகும். இவர்களுக்குப் பிடியின் முதுகை மூடாத, உலோகம் வெளியே தெரியும் மெல்லிய சில்லுகளே சரி. சில மில்லிமீட்டர் தூரம் அதனாலேயே மிச்சமாகும். விரல் மிகுதியாக உள்ளே போய், நடுவிரல் நுனி உள்ளங்கை மேட்டில் முட்டுமானால் நிலைமை எதிர். முதுகையும் சுற்றி மூடும் தடித்த பிடி வேண்டும்.

சிறிய ரிவால்வரில் மூன்றாவதாக ஒரு சிக்கல் உண்டு. விசைக் காப்பு வளையத்துக்குப் பின்னே சட்டகம் உள்வாங்கியிருக்கும் குழிவில் நடுவிரல் தங்க இடமில்லாமல் தடுமாறும். வளையத்தின் பின்புறம் விரல் கணுவில் இடிக்கும். அந்தக் குழிவை நிரப்பும் பிடியோ, இடையில் செருகும் தனித் துண்டோ இதைத் தீர்க்கும். முதல் மாற்றமாக நான் பரிந்துரைப்பது இதைத்தான். விரல் பள்ளம் வெட்டிய பிடிகள் கண்ணாடிப் பெட்டியில் அழகாக இருக்கும். ஆனால் பள்ளங்களின் இடைவெளி வாங்குபவரின் விரல் அகலத்தோடு ஒத்துப்போவது அரிது. ஒத்துவராதபோது ஒவ்வொரு மேடும் ஒரு விரலைத் தள்ளும்.

அடியில் சுண்டுவிரல் தொங்குவது மனதுக்கு உறுத்தலாகத்தான் இருக்கும். பிடியை நீட்டினால் அது தங்கும். கூடவே சட்டைக்கு வெளியே அந்த நுனி துருத்தும். மறைத்து எடுத்துச் செல்லும்போது முதலில் காட்டிக்கொடுப்பது குழல் அல்ல, பிடியின் அடிதான். வீட்டிலேயே வைத்திருப்பவர் தயங்காமல் நீளமான பிடியை எடுக்கலாம்.

மாதிரிக்கு ஏற்ற வேறுபாடும் உண்டு. பிரபல் போலச் சிலிண்டர் பக்கவாட்டில் வரும் ரிவால்வரில் இடப்பக்கச் சில்லின் மேல்பகுதி சீவப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் வெளிவரும் வெற்றுத் தோட்டா மரத்தில் தட்டி நிற்கும். மேல்பூட்டு வகையில் தோட்டாக்கள் மேலே வருவதால் இந்தக் கவலை இல்லை.

பொருள்

சித்திரை, வைகாசியில் திருச்சியில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருப்பதால் ஸ்ரீரங்கத்தில் வியர்வை இன்னும் பிசுபிசுக்கும். வழுவழுப்பாக மெருகேற்றிய மரம் இந்தக் கைக்கு உதவாது. நுண்ணிய சதுரக் கீறல் போட்ட மரம் பற்றும். ரப்பர் நன்றாகவே பற்றும், உதைப்பையும் உள்வாங்கும். ஆனால் உடையில் ஒட்டி இழுக்கும், எண்ணெய் பட்டால் நாளடைவில் பிசினாகும். கடினப் பிளாஸ்டிக் ஈரத்துக்கு அசையாது, திருகை அதிகம் முறுக்கினால் விரிசல் விடும்.

மரத்தில் வால்நட் உலகெங்கும் முதல் தேர்வு. நம் பக்கத்தில் ஈட்டி மரத்துக்கு ஈடில்லை: கனம், நெருக்கமான நார், எண்ணெய்ப்பசை. பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரின் மரச் சிற்பங்களுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த வட்டாரத்தில் மரத்தின் குணம் அறிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஈட்டி உள்ளிட்ட டால்பெர்ஜியா இனம் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. எங்கிருந்து வந்த மரம் என்பதற்கு ரசீது இல்லாமல் வாங்கக் கூடாது. அமெரிக்கத் தளபதி பேட்டனின் தந்தப் பிடிகள் புகழ்பெற்றவை. ஆனால் இந்தியாவில் தந்த வணிகம் வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

சட்டமும் பழைய துப்பாக்கிகளும்

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதையும் தடுக்கிறது. தெரிந்த ஆசாரிதானே என்று ரிவால்வரை அவருடைய பட்டறையில் விட்டுவிட்டு வருவது லைசென்ஸையே பறித்துவிடும். அளவுக்குப் பழைய சில்லைக் காகிதத்தில் வைத்து வரைந்து கொடுத்தாலே போதும். பொருத்தும் வேலை உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் நடக்கட்டும். ஐயம் இருந்தால் லைசென்ஸ் தந்த அலுவலகத்தில் கேட்டுவிடலாம். ஸ்ரீரங்கம் உட்பட மாநகர எல்லைக்குள் அது காவல் ஆணையர் அலுவலகம், மண்ணச்சநல்லூர் போன்ற ஊர்களுக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

தனியார் இறக்குமதி 1980-களின் நடுவில் நின்றுபோனதால், குடும்பங்களில் தலைமுறை மாறி வரும் வெளிநாட்டு ரிவால்வர்கள் இன்றும் உண்டு. அவற்றின் மூலப் பிடியைக் கழற்றினால் எறியக் கூடாது. பழைய ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வர்கள் பலவற்றில் வலப்பக்கச் சில்லின் உட்புறம் துப்பாக்கியின் வரிசை எண் எழுதப்பட்டோ அழுத்தப்பட்டோ இருக்கும். வாரிசு பெயருக்கு மாற்றும் நாளில் அந்தச் சில்லும் துப்பாக்கியோடு சேர்ந்து இருப்பது நல்லது.