மரத்தில் கட்டிய சோறு

திருச்சிக்காரர்கள் காந்தியின் பெயரை நாளும் உச்சரிக்கிறார்கள். காய்கறி வாங்கப் போவது காந்தி மார்க்கெட்டுக்கு அல்லவா! அந்தப் பெயருக்காக இந்த ஊர் செய்த பெரிய காரியம், ஸ்ரீரங்கத்தில் பிறந்த டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனின் திருச்சி வீட்டிலிருந்து தொடங்கியது. 1930 ஏப்ரல் 13, தமிழ் வருடப்பிறப்பு. விடிவதற்குள் ராஜாஜியின் பின்னால் சுமார் நூறு பேர் உப்புச் சட்டத்தை மீறி உப்பு எடுக்க வேதாரண்யத்துக்குக் கிளம்பிவிட்டார்கள்.

இதே உப்புக்காகத் தண்டிக்குப் போன காந்தி, தன் ஆசிரமத்தில் பழகிய 78 பேரைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். ராஜாஜிக்கும் திருச்செங்கோட்டில் ஓர் ஆசிரமம் இருந்தது. ஆனால் அவருடன் நடந்தவர்கள் தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். சிலருக்கு இயக்கமே புதிதாக இருந்திருக்கலாம். அவர்களுக்கு நடைதான் பள்ளிக்கூடம். கல்லணைப் பக்கமாகக் கோவிலடி, திருவையாறு, தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி என்று பதினைந்து நாளில் ஏறத்தாழ 150 மைல். சாதி பார்க்காமல் சேர்ந்து உண்பது, போகிற ஊரில் கதரையும் தீண்டாமை ஒழிப்பையும் பேசுவது, அடித்தாலும் கை ஓங்காமல் இருப்பது எல்லாம் வழியில் படிந்த பழக்கங்கள். நாமக்கல் கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளை இந்த நடைக்கென்றே பாட்டெழுதிக் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் முதல் நாளிலேயே சேர்ந்து பாடலாம்.

தஞ்சை கலெக்டர் ஜே.ஏ. தார்ன் கெட்டிக்காரர். நடப்பவர்களை வழியில் பிடித்தால் கூட்டம் பெருகும் என்று கணக்குப் போட்டு, அவர்களுக்குச் சோறு போடுகிறவர்கள்மேல் கைவைத்தார். இடமோ உணவோ கொடுத்தால் ஆறு மாதம் சிறை என்று ஊர் ஊராக அறிவிப்பு போனது. இது வெறும் மிரட்டலாக நிற்கவில்லை. கும்பகோணத்தில் விருந்தளித்த பந்துலு ஐயர் சிறைக்குப் போனார்.

எல்லோராலும் பந்துலு ஐயர் ஆக முடியாது. குழந்தை குட்டி, குத்தகை நிலம், சர்க்கார் சம்பளம் என்று ஆயிரம் தளைகள். அவர்களும் ஒதுங்கிவிடவில்லை. சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. ஆற்றங்கரையில் படுத்திருந்தவர்களுக்கு, உணவு புதைத்த இடம் இன்னதென்று யாரோ ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். கட்டியவர் பெயர் யாருக்கும் தெரியாது. பெயரைக் கேட்டு, முன்னால் வந்து நில் என்று வற்புறுத்தியிருந்தால் அடுத்த மரத்தில் பொட்டலம் தொங்கியிருக்காது. இந்த நடையின் உண்மையான பலம் இங்கேதான் இருந்தது: பயந்தவனுக்கும் அதில் ஒரு வேலை இருந்தது, அந்த வேலை அவன் தைரியத்தின் அளவுக்குப் பொருந்தியது.

ஏப்ரல் 30-இல் அகஸ்தியம்பள்ளியில் உப்பெடுத்த ராஜாஜி கைதானார். ஆறு மாதத் தண்டனை. வேதாரண்யத்தில் எல்லோருக்கும் ஆதரவாக நின்ற வேதரத்தினம் பிள்ளையும் சிறை சென்றார். தலைவர்கள் உள்ளே போன பிறகும் போராட்டம் ஓயவில்லை. ருக்மிணி லட்சுமிபதி அங்கே கைதாகி, உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்ற பெண்களின் முன்வரிசையில் இடம்பெற்றார்.

வைரப்பனைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேதாரண்யத்து முடிதிருத்தும் தொழிலாளி. தன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும், பாதி மழித்த முகத்தோடு அவரை விட்டுவிட்டு எழுந்துவிட்டார். நீதிபதி சொல்லியும் மீதியை மழிக்க மறுத்து ஜெயிலுக்குப் போனார். திருச்சியிலிருந்து நடந்து வந்தவர் இல்லை. தன் கையிலிருந்த கத்தியை மடக்கி வைத்தார், அவ்வளவுதான். ஊர் அதைச் சின்னக் காரியம் என்று நினைக்கவில்லை. வேதாரண்யத்தில் அவருக்கு நினைவுச்சின்னம் நிற்கிறது.

இன்று ஆற்றுமணலுக்காகவோ குளத்துக்காகவோ போராடும் குழுக்களில், நேற்று வந்தவரிடம் ‘இத்தனை நாள் எங்கே இருந்தாய்’ என்று கேட்கிற பழக்கம் ஊறிக் கிடக்கிறது. கேட்பவர்கள் ஒருமுறை திருவையாற்றுச் சாலையில் போய் அந்த மரங்களை நினைத்துப் பார்க்கட்டும். புதிதாக வந்தவருக்கு அவரால் முடிந்த ஒரு வேலையை முதல் நாளே கொடுங்கள். மற்றதை அவர் நடக்க நடக்கக் கற்றுக்கொள்வார்.