சோன்ஃப் கிராமத்துப் புல்

1970-ல் மத்தியப் பிரதேசத்தின் கான்ஹா காட்டில் பாரசிங்கா மான்களை எண்ணினார்கள். தேறியவை 66. காட்டு நிலையில் கான்ஹாவில் வாழும் பாரசிங்காக் கிளையினத்துக்கு உலகத்தில் வேறெங்கும் ஒரு மந்தை இல்லை என்பதால், அந்த 66-தான் மொத்த இருப்பு. 1938-ல் இதே காட்டில் சுமார் 3,000 இருந்ததாகப் பதிவு இருக்கிறது.

‘வேட்டையாடித் தீர்த்துவிட்டார்கள்’ என்று இந்தக் கதையை ஒரே வரியில் முடித்துவிடலாம். அதில் பொய்யும் இல்லை. கிளை கிளையாகப் பிரிந்து, பத்துப் பன்னிரண்டு முனைகளோடு நிற்கும் அந்தக் கொம்புக்காகவே வெள்ளைக்கார அதிகாரிகளும் ஜமீன்தார்களும் கான்ஹா இருக்கும் மண்டலா மாவட்டத்துக்கு முகாம் போட வந்தார்கள். டன்பார் பிராண்டர் என்ற வனத்துறை அதிகாரி மத்திய இந்தியாவின் விலங்குகளைப் பற்றி 1923-ல் ஒரு புத்தகம் எழுதினார். கான்ஹா மானுக்கு ‘பிராண்டெரி’ என்று அறிவியல் பெயர் வந்தது அவரால்தான்.

ஆனால் கணக்கு ஓரிடத்தில் இடிக்கிறது. கான்ஹா 1933-லேயே சரணாலயம் ஆகிவிட்டது. 1955-ல் தேசியப் பூங்காவும் ஆனது. துப்பாக்கிக்குத் தடை வந்த பிறகும் மான் குறைந்துகொண்டே போனது. பூங்கா அறிவிப்பு வந்து பதினைந்து ஆண்டு கழித்துத்தான் அந்த 66. காட்டுக்குள் திருட்டு வேட்டை அறவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதே புல்வெளியில் புள்ளிமான் மட்டும் கூட்டம் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்ததே, அது எப்படி என்பதுதான் கேள்வி. பாரசிங்காவை மட்டும் தேடித் தேடிச் சுடும் திருடன் எவன்?

1963 முதல் 1965 வரை ஜார்ஜ் ஷேலர் என்ற அமெரிக்க ஆய்வாளர் கான்ஹாவில் தங்கி, புலியையும் மான்களையும் கவனித்தார். பாரசிங்கா மந்தையில் குட்டிகள் போதுமான அளவில் இல்லை என்பது அவர் கண்ணில் பட்டது. மாட்டிலிருந்து ஏதாவது நோய் தொற்றியிருக்குமோ என்ற சந்தேகமும் அப்போது எழுந்தது. 1970களின் தொடக்கத்தில் கிளாட் மார்ட்டின் என்ற சுவிட்சர்லாந்து இளைஞர் வந்து, பாரசிங்காவையே தன் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார். பிற்காலத்தில் உலக வனவிலங்கு நிதியத்தின் தலைமைப் பொறுப்புக்குப் போன அதே மார்ட்டின்தான். அவருடைய ஆய்வு புல்லைப் பார்க்கச் சொன்னது.

புள்ளிமான் எதையும் தின்னும். புல் இல்லையென்றால் தழை, தழை இல்லையென்றால் மரத்தடியில் உதிர்ந்த பூவும் காயும். பாரசிங்கா அப்படியில்லை, ஏறக்குறைய புல்லை மட்டுமே நம்பிப் பிழைக்கும். அதன் குட்டிகள் மழைக்காலத்தின் கடைசியை ஒட்டிப் பிறக்கின்றன. பிறந்த குட்டி தாயோடு ஓடாது. உயர்ந்த புல்லுக்குள் அசையாமல் படுத்துக் கிடக்கும். அதற்கு வேறு பாதுகாப்பு கிடையாது. இப்போது கான்ஹாவின் புல்வெளியை நினைத்துப் பாருங்கள். பூங்காவுக்குள்ளேயே கிராமங்கள் இருந்தன. அவற்றின் மாடுகள் புல்லை உயர விடவில்லை. மிஞ்சியது காய்ந்ததும், இளந்தளிர் வரட்டும் என்று ஆண்டுதோறும் தீ வைத்தார்கள். புள்ளிமானுக்கு அந்தத் தளிர் விருந்து. பாரசிங்காவுக்கோ ஒளிய இடம் போயிற்று. புலிக்கும் நரிக்கும் அது வசதியாகப் போயிற்று. துப்பாக்கி குறைத்து வைத்த மந்தை, வெட்டவெளியில் மேலும் கரைந்தது.

திருப்பம் ஒரு கலெக்டரால் வந்தது. 1960களின் பிற்பகுதியில் மண்டலா மாவட்ட கலெக்டராக இருந்தவர் எம்.கே. ரஞ்சித்சிங். பின்னாளில் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர். கான்ஹாவுக்குள் இருந்த சோன்ஃப் என்ற கிராமத்தை வெளியே குடியமர்த்த அவர் முயற்சி எடுத்தார். ஊர் காலியானது. உழவு நின்றது, மாடு போனது. சில மழைக்காலங்களில் வயல்கள் உயர்ந்த புல்லாக மாறின. பாரசிங்கா தானாகவே அங்கே வந்து சேர்ந்தது. அசாமில் வாழும் பாரசிங்காவைத் தனிக் கிளையினமாக 1982-ல் காலின் குரோவ்ஸ் என்ற ஆய்வாளர் வகைப்படுத்தியபோது, அதற்கு ‘ரஞ்சித்சிங்ஹி’ என்று பெயர் வைத்தார். ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரியின் பெயர் மானுக்குப் போவது அடிக்கடி நடப்பதல்ல.

இந்த இடத்தை வனத்துறைப் பிரசுரங்கள் வெற்றிக்கதையாக மட்டும் சொல்லி நகர்ந்துவிடுகின்றன. கான்ஹா என்பது கோண்டு, பைகா மக்களின் பூமி. 1973-ல் புலிகள் திட்டத்தின் முதல் ஒன்பது காப்பகங்களில் ஒன்றாகக் கான்ஹா ஆன பிறகு, இருபதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் வெளியேற்றப்பட்டன. மான் திரும்பிய புல்வெளிகள் பலவும் யாரோ ஒருவரின் வயலாக, வீட்டு முற்றமாக இருந்தவை. கொம்புக்காகச் சுட்டவர்கள் வேறு; மானுக்காக ஊரைக் கொடுத்தவர்கள் வேறு. மானின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் எழுத வேண்டிய கணக்கு இது.

பூங்காவின் இயக்குநராக இருந்த எச்.எஸ். பன்வார் (பிறகு டேராடூன் வனவிலங்கு நிறுவனத்தின் இயக்குநர்) இந்தப் புல் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். மாடுகள் வெளியேறின, கண்டபடி தீ வைப்பது கட்டுக்குள் வந்தது, குட்டைகள் வெட்டப்பட்டன. புலி நுழைய முடியாத வேலி அமைத்து, சில மான்களை உள்ளே விட்டுப் பெருக்கினார்கள். வேகம் ஒன்றும் பெரிதில்லை. ஆண்டுக்கு ஒரு குட்டி ஈனும் மானிடம் அவசரம் எடுபடாது. ஆனாலும் 66 நூறுகளாகி, இன்று ஆயிரத்தை ஒட்டி நிற்கிறது. பாரசிங்காதான் மத்தியப் பிரதேசத்தின் மாநில விலங்கு.

இன்னும் ஒரு பயம் மிச்சமிருந்தது. எல்லா மான்களும் ஒரே காட்டில். ஒரு கொள்ளைநோய் வந்தால் போதும். எனவே 2015-ல் கான்ஹாவிலிருந்து சத்புரா காட்டுக்கு மான்களை அனுப்பத் தொடங்கினார்கள். மயக்க ஊசி போட்டுப் பிடித்தால் பயத்திலேயே செத்துவிடக்கூடிய விலங்கு இது என்பதால், ஆப்பிரிக்காவில் பழகிய ‘போமா’ முறையைக் கையாண்டார்கள். அகன்ற வாயில் தொடங்கிப் புனல்போலக் குறுகும் மறைப்பு வேலி. அதன் கடைசியில் லாரி. மனிதக் கை படாமலே மந்தை வண்டியேறும். 2023-ல் பாந்தவ்கருக்கும் ஒரு கூட்டம் போனது.

சத்புராவில் அவை இறக்கிவிடப்பட்டது போரி பகுதியில். அங்கேயும் காட்டுக்குள் இருந்த கிராமங்களை வெளியேற்றியிருந்தார்கள். காலியான வயல்களில்தான் புல்வெளியை வளர்த்தார்கள்.