ஒரு முழத் தூரத்துப் பார்வை

இத்தாலி நாட்டின் திரெவீசோ நகரில், புனித நிக்கோலாஸ் ஆலயத்தை ஒட்டித் தொமினிக்கன் துறவியரின் மடம் ஒன்று இருந்தது. அம்மடத்தின் பேரவைக் கூடத்துச் சுவர்களில் 1352ஆம் ஆண்டு தொம்மாசோ தா மோதெனா என்னும் ஓவியர், அச்சபையின் பெரியோர் நாற்பதின்மரை எழுதுமேசை முன் அமர்ந்த கோலத்தில் தீட்டி வைத்தார். அவர்களுள் ஒருவர் கர்தினால் ஹியூகோ. ஏட்டின்மேல் குனிந்திருக்கும் அவருடைய மூக்கின்மேல் ஒரு கண்ணாடி! மூக்குக் கண்ணாடி அணிந்த மனிதரைக் காட்டும் ஓவியங்களுள் நமக்குக் கிடைத்திருப்பவற்றில் இதுவே மிகப் பழையது என்பர். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கர்தினால் ஹியூகோ இறந்தது 1263இல். அப்போது மூக்குக் கண்ணாடி பிறந்திருக்கவே இல்லை. ஓவியர் தம் காலத்துப் பொருளை எடுத்துப் பழங்காலத்தவர் மூக்கில் மாட்டிவிட்டார். படித்த முதியவர் என்றால் கண்ணாடி இருந்தாக வேண்டும் என்ற எண்ணம் அதற்குள் ஊன்றிவிட்டது போலும்.

கண்ணாடி எப்போது பிறந்தது என்பதற்கும் ஒரு தொமினிக்கன் துறவியே சாட்சி. பீசா நகர ஜொர்தானோ 1306ஆம் ஆண்டு பிளாரன்ஸில் ஆற்றிய மறையுரை ஒன்றில், கண்ணாடி செய்யும் கலை கண்டுபிடிக்கப்பட்டு இன்னும் இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை என்று வியந்து பேசினார். அதே பீசா மடத்தைச் சேர்ந்த அலெசாந்த்ரோ தெல்லா ஸ்பீனா என்பவர், கண்ணாடி செய்யும் முறையை வேறொருவர் மறைத்துவைத்தபோது, தாமே செய்து பார்த்து அதை எல்லாருக்கும் கற்பித்தார் என்று அம்மடத்தின் குறிப்பேடு அவரைப் பாராட்டுகின்றது. 

இக்கண்ணாடிகள் யாவும் நடு தடித்த குவிவில்லைகள். தொலைவில் உள்ளதைப் பார்க்க அவை உதவா. ஏடு படிப்பதற்கும், படியெடுப்பதற்கும், ஊசியில் நூல் கோர்ப்பதற்கும் ஆனவை. நாற்பதைக் கடந்தவர்களை வந்தடையும் வெள்ளெழுத்து, நம் பாட்டிமார் சாளேசரம் என்று சொன்னது, அதற்கான மருந்து அது. மனிதன் தன் பார்வைக்கென்று செய்துகொண்ட முதற் கருவி, முகத்திலிருந்து ஒரு முழத் தூரத்தைக் காப்பாற்றுவதற்காகவே செய்யப்பட்டது என்பதை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில், கண்புரைச் சிகிச்சையின் வரலாறு நெடுங்காலம் அந்த ஒரு முழத்தை மறந்தே நடந்தது.

கண்ணாடி உதவுவது கண்ணுக்குள் இருக்கும் வில்லை தெளிவாக இருக்கும்வரைதான். வில்லையே பாலாடை படர்ந்தாற்போல் மங்கிவிட்டால், எத்தனை கண்ணாடி மாற்றினாலும் பயனில்லை. அந்நிலைக்கு நம் நாடு மிகப் பழங்காலத்திலேயே ஒரு வழி கண்டது. சுசுருத சங்கிதையில் அதன் முறை விரிவாகச் சொல்லப்பட்டுள்ளது. விழியின் வெண்பகுதியில் கூரிய கருவியைச் செலுத்தி, புரையைப் பார்வைப் பாதையிலிருந்து விலக்குவது. பின்னர் கண்ணைக் கட்டி நோயாளியைப் படுக்க வைப்பது. தும்மல், இருமல், ஏப்பம் எதுவும் கூடாதென்று எச்சரிப்பது. இம்முறையே பல நாடுகளிலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வழங்கியது. அதில் வில்லை வெளியே எடுக்கப்படுவதில்லை. கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளப்படுகிறது, அவ்வளவே.

இவ்விடத்தில் நம் வாசகர் தோபித்து நூலை நினைப்பது இயல்பு. குருவிகளின் எச்சம் விழுந்து வெண்படலம் படர்ந்த தந்தையின் கண்களில் தோபியா மீனின் பித்தப்பையைத் தடவி, அப்படலத்தை உரித்தெடுத்ததாக அந்நூல் கூறுகின்றது. அது விழியின் மேற்பரப்பில் படர்ந்த வெண்மையே ஒழியக் கண்புரை ஆகாது. ஆயினும் 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் அக்காட்சியைத் தம் காலத்துக் கண்புரைச் சிகிச்சையாகவே கண்டார்கள். ரெம்பிராண்டின் பெயரில் வழங்கும் 1636ஆம் ஆண்டு ஓவியத்தில், தந்தையின் தலையைப் பின்புறம் சாய்த்து வைத்து, மகன் மருத்துவனைப் போலக் கண்ணருகே கருவியைப் பிடித்து நிற்கிறான்.

ஊசி கொண்டு தள்ளும் முறையில் சிலருக்கு ஒளி திரும்பியது உண்மை. ஆனால் பலருக்குச் சீழ் பிடித்தது; கண்ணின் உள் அழுத்தம் ஏறியது; கிடைத்த பார்வையும் போயிற்று. இசைமேதை பாக் 1750ஆம் ஆண்டு ஜான் டெய்லர் என்னும் ஊர் சுற்றும் ஆங்கிலக் கண் மருத்துவரிடம் இருமுறை சிகிச்சை பெற்றார்; பார்வை திரும்பவில்லை; அதே ஆண்டு ஜூலை 28இல் காலமானார். நம் மாநிலத்தில் இவ்வரலாற்றுக்கு இரு முக்கியத் தடயங்கள் உள. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்துக் கண் நோயாளிகளைப் பற்றிய ஆங்கிலக் குறிப்புகளும், நோயுற்ற கண்களின் வண்ண ஓவியங்களும் சரஸ்வதி மகால் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. மற்றொன்று சென்னையில் 1819ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கண் மருத்துவமனை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் தலைவராயிருந்த எலியட், ஊசியால் தள்ளப்பட்டுக் கெட்டுப்போன கண்களை ஆராய்ந்து 1917இல் ஒரு நூலே வெளியிட்டார். அப்போதும் நம் ஊர்களில் அம்முறை ஓய்ந்தபாடில்லை.

புரை என்பது என்னவென்றே ஐரோப்பியருக்கு நெடுங்காலம் விளங்கவில்லை. மூளையிலிருந்து ஏதோ நீர் அருவிபோல் இறங்கிக் கண்மணிக்குப் பின்னே உறைகிறது என்று நம்பினார்கள். இலத்தீனில் அந்நோய்க்கு வழங்கிய பெயரே அருவி என்று பொருள்படுவது. 1705இல் பிரிசோ என்னும் பிரெஞ்சு மருத்துவர் இறந்துபோன படைவீரர் ஒருவரின் கண்ணை அறுத்துப் பார்த்து, மங்கியது வில்லையே என்று காட்டினார். மங்கியது வில்லை என்றால் அதை ஏன் உள்ளே தள்ள வேண்டும், வெளியே எடுத்துவிடலாமே? அவ்வாறே எடுத்துக் காட்டியவர் ழாக் தவியேல். 1747இல் தொடங்கிய தம் முறையை 1753இல் பாரிசு அறுவை மருத்துவக் கழகத்தின் வெளியீட்டில் விளக்கினார். கண்ணை மரத்துப்போகச் செய்யும் மருந்து 1884இல்தான் வந்தது. அதுவரை இந்த அறுவையைத் தாங்கிக்கொண்டவர்களை நினைத்தால் மெய் சிலிர்க்கிறது.

இனி நம் பொருளுக்கு வருவோம். வில்லையை எடுத்துவிட்டால் கண்ணுக்கு என்ன நேர்கிறது? மனிதக் கண்ணின் மொத்த ஆற்றல் ஏறத்தாழ 60 டயாப்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு வில்லையுடையது. அதற்கும் மேலாக, கோபுரத்திலிருந்து கைவிரலுக்குப் பார்வையைத் திருப்பும்போது உருமாறிக் கொடுப்பதும் அவ்வில்லையே. இதை 1801ஆம் ஆண்டு வெளியான தம் ஆய்வில் தாமஸ் யங் நிலைநாட்டினார். அவர் கையாண்ட சான்றே அறுவை செய்துகொண்டவர்கள்தாம். வில்லை எடுக்கப்பட்ட கண்களைச் சோதித்தார். தூரத்துக்கும் கிட்டத்துக்குமாக மாறிக்கொள்ளும் திறன் அவற்றில் இல்லை என்று கண்டார். அறுவை ஒளியைத் தந்தது; ஒரு முழத் தூரத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அதை ஈடுசெய்ய வந்ததுதான் நம் ஊரில் சோடாபுட்டி என்று பிள்ளைகள் கேலி செய்த கண்ணாடி. தூரப் பார்வைக்கே ஏறத்தாழ 10 டயாப்டர். கிட்டத்துக்கு அதன்மேல் இன்னும் 3. காண்பவை யாவும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் பெரிதாய்த் தெரியும். பக்கவாட்டில் ஒரு வளையம் முழுவதும் இருள். அதிலிருந்து ஆட்கள் திடீரென்று முளைத்தாற்போல் எதிரே வருவார்கள். ஊசி இருக்கும் இடம் கண்ணுக்கு ஒன்றாகவும் கைக்கு வேறாகவும் படும். முகாமில் அறுவை முடித்துத் திரும்பிய பாட்டி கோயிலுக்கு நடந்து போனார், பேரனை அடையாளம் கண்டார், எல்லாரும் மகிழ்ந்தார்கள். பீடத்துணியின் விளிம்பில் அவர் போட்டுவந்த பின்னல் மட்டும் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. “இந்த வயதில் ஊசியும் நூலும் எதற்கு?” என்றார்கள் வீட்டார். நாம் அப்படிக் கருதுவதில்லை. தள்ளாத வயதில் ஒருவருக்குப் பயனுள்ளவர் என்ற உணர்வைத் தருவது அந்தப் பின்னலாகவோ, செபமாலை கோர்ப்பதாகவோ, பழைய தபால்தலைகளை ஒட்டுவதாகவோதான் பெரும்பாலும் இருக்கிறது.

இந்த இழப்பு எளியவர்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்குக் கண்புரை என்று 1912இல் கூறப்பட்டது. அறுவைக்கு அஞ்சிப் பத்தாண்டுக்கு மேல் தள்ளிப்போட்டார். வண்ணங்கள் குழம்பியதால், குழாய்களில் எழுதியுள்ள பெயரைப் பார்த்தும் தட்டில் மாறாத வரிசையில் வைத்தும் வேலை செய்தார். 1923இல் வலக்கண்ணில் அறுவை நடந்தது. பின்னர் எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று சலித்துக்கொண்டார். ஒரு கண்ணில் வில்லை இல்லை, மறு கண்ணில் மங்கிய வில்லை. இரண்டும் காட்டும் உருவங்கள் ஒன்றோடொன்று பொருந்தா. வெவ்வேறு கண்ணாடிகளை மாற்றி மாற்றி அணிந்து பார்த்து, ஒருவாறு பழகிக்கொண்டு, அல்லிக்குளப் பேரோவியங்களுக்குத் திரும்பினார். 1926இல் அவர் மறைந்தபின், மறு ஆண்டு அவை பாரிசின் ஒராஞ்சரி மண்டபத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன.

எடுத்த இடத்தில் வேறொன்றை வைத்தால் என்ன என்று கேட்டவர் லண்டன் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணுக்குள் சிதறிப்போன பெர்ஸ்பெக்ஸ் துணுக்குகள், உறுத்தாமல் அப்படியே தங்கிவிடுவதை அவர் கவனித்திருந்தார். அறுவை முடிந்தபோது, எடுத்ததற்குப் பதிலாக வேறு வில்லை வைக்கமாட்டீர்களா என்று மாணவர் ஒருவர் கேட்டது அவருடைய எண்ணத்தைத் தூண்டியது என்பர். 1949ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் புனித தோமா மருத்துவமனையில் ஒரு பெண்மணியின் கண்ணில் முதல் செயற்கை வில்லையைப் பொருத்தினார். கணக்குப் பிசகிவிட்டது. இயற்கை வில்லையின் வடிவத்தை அப்படியே ஒத்துச் செய்த பெர்ஸ்பெக்ஸ் வில்லை, ஒளியை அளவுக்கு மீறி வளைத்தது. அப்பெண்மணிக்கு 18 டயாப்டர் அளவுக்குக் கிட்டப்பார்வை வந்தது. மூக்கு நுனிக்குச் சற்று அப்பால் உள்ளதுதான் தெளிவு! நூற்றாண்டுகளாய்த் தூரத்தையே நோக்கியிருந்த மருத்துவம், கிட்டத்தின் பக்கம் தவறி விழுந்தது இந்த ஒரு முறைதான் என்று நமக்குத் தோன்றுகிறது. பின்னர் வில்லையின் வளைவு திருத்தப்பட்டது. துறையின் பெரியோர் பலர் ரிட்லியை ஏற்கவில்லை. முதுமையில் அவருடைய கண்களிலும் செயற்கை வில்லையே பொருத்தப்பட்டது. 2000ஆம் ஆண்டில் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது. மறு ஆண்டு காலமானார்.

நம் நாட்டு ஏழைகளின் கண்ணுக்கு அவ்வில்லை வந்துசேர மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. மதுரையில் 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். கண்ணுக்குள் மயிரிழை அளவில் செய்ய வேண்டிய வேலையை அவ்விரல்களால் மீண்டும் பழகிக்கொண்டு, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண்களுக்குச் சிகிச்சை செய்தவர். நுண்பணியின் அருமையை அவரைவிட அறிந்தவர் யார்? வெளிநாட்டு வில்லையின் விலை ஏழைகளுக்கு எட்டாததால், 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் என்னும் ஆலை தொடங்கப்பட்டது. விலை பல மடங்கு இறங்கியது. சோடாபுட்டிக் கண்ணாடி நம் தெருக்களிலிருந்து மெல்ல மறைந்தது.

ஆனால் செயற்கை வில்லைக்கும் ஒரு வரம்பு உண்டு. வழக்கமாகப் பொருத்தப்படும் வில்லை ஒரு தூரத்துக்கு மட்டுமே தெளிவு தரும். இயற்கை வில்லையைப் போல் உருமாறாது. எந்தத் தூரம் என்பதை அறுவைக்கு முன்பே கண்ணை அளந்து மருத்துவர் முடிவு செய்கிறார். யாரும் எதுவும் சொல்லாவிட்டால், பெரும்பாலும் தூரப் பார்வைக்கே வைப்பார்கள். கிட்டத்துக்குக் கண்ணாடி எழுதித் தருவார்கள். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் அமைப்பதும் உண்டு. பல தூரங்களுக்கான வில்லைகளும் வந்துள்ளன. அவற்றில் சிலருக்கு இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தோன்றும். எல்லாருக்கும் எல்லாம் பொருந்தாது.

கிட்டம் என்பதும் ஒரே தூரம் அன்று. 100ஐச் சென்டிமீட்டர்த் தொலைவால் வகுத்தால் வேண்டிய ஆற்றல் வரும். புத்தகத்துக்கு 40 சென்டிமீட்டர் என்றால் 2.5 டயாப்டர். நுண்ணிய பின்னலுக்கு 33 என்றால் 3. ஆர்மோனியப் பெட்டியின் மேலுள்ள பாட்டுப் புத்தகத்துக்கு 65 என்றால் ஒன்றரையே போதும். படிக்கத் தந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆர்மோனியம் வாசிக்க முடியவில்லை, அறுவை சரியில்லை என்று நொந்துகொள்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பல வேளைகளில் குறை அறுவையில் இல்லை, தூரத்தில்தான் இருக்கிறது. அறுவைக்கு நாள் குறித்திருப்பவர்களும், அவர்களை அழைத்துச் செல்லும் பிள்ளைகளும் தையற்பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுக்கட்டும். அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் அமர்ந்து, வழக்கமாகப் பிடிப்பதுபோல் வேலையைக் கையில் பிடிக்கட்டும். கண்ணிலிருந்து ஊசிமுனைவரை அளந்து, அந்த எண்ணைத் தாளில் எழுதி, மருத்துவரிடம் மருந்துச் சீட்டுகளோடு சேர்த்துக் கொடுக்கலாம்.