போப்போட கப்பலும் ஒரு வெள்ளைத் தட்டும்

ஒரு வெள்ளைத் தட்டு. கீழே எடை கட்டி, அளவு குறிச்ச கயிற்றில் கடலுக்குள் இறக்க வேண்டியது. எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறையுதோ அதைக் குறிச்சுக்க வேண்டியது. அவ்ளோதாங்க. சொந்தமா பாய்மரப் படகு வச்சிருக்கறவங்க உலகம் பூரா இதை வச்சு கடலுக்கு நாடி பிடிச்சுப் பார்த்திருக்காங்கன்னு படிச்சதும், இதோட பூர்வீகத்தைத் தோண்டாம இருக்க முடியலை.

கதை ஆரம்பிக்கறது 1865ல். அப்போ போப்புக்குத் தனி நாடு மட்டுமில்லை, கப்பற்படையும் இருந்தது (நிஜமாத்தான்!). அதோட தளபதி அலெஸ்ஸாண்ட்ரோ சியால்டிக்கு கடல்நீர் எவ்வளவு தெளிவா இருக்குன்னு அளக்க ஆசை. உதவிக்குக் கூப்பிட்டது ஆஞ்சலோ செக்கிங்கற ஏசு சபைப் பாதிரியாரை. செக்கி அடிப்படையில் வானியல்காரர். நட்சத்திரங்களை அவற்றின் நிறமாலையை வச்சு வகைப்படுத்தின முன்னோடி. மேலேயே பார்த்துட்டிருந்த மனுஷன், அந்த ஏப்ரலில் போப்பின் நீராவிக் கப்பலில் ஏறி மத்தியதரைக் கடலில் விதவிதமான அளவு, நிறங்களில் தட்டுகளை இறக்கிப் பார்த்தார். 'செக்கி தட்டு'ன்னு அவர் பேரே நிலைச்சுடுச்சு.

சரி, தட்டு மறையற ஆழத்தால் என்ன பிரயோஜனம்? கரையை விட்டுத் தள்ளி, சேறு கலக்காத கடலில் தண்ணீரைக் கலங்கலாக்கறது பெரும்பாலும் ஃபைட்டோபிளாங்டன் என்கிற மிதவை நுண்தாவரங்கள்தான். அவை நிறைய இருந்தா தட்டு சீக்கிரம் மறையும். குறைஞ்சா ஆழம் வரை தெரியும். 1986ல் அண்டார்டிகாவின் வெடல் கடலில் ஏறக்குறைய 80 மீட்டர் வரை தெரிஞ்சிருக்கு! பூமியில் நடக்கற ஒளிச்சேர்க்கையில் பாதி இந்த நுண்தாவரங்களோட வேலை. மீனெல்லாம் உயிர் வாழறதும் கடைசியில் இவற்றை நம்பித்தான்.

2010ல் கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் ஒரு குண்டைப் போட்டாங்க. 1899லிருந்து கிடைச்ச தட்டு அளவுகளையும், தண்ணீர் எடுத்துப் பச்சையம் அளந்த கணக்கையும் சேர்த்துப் பார்த்ததில், இந்த நுண்தாவரங்கள் வருஷத்துக்கு சுமார் 1 சதவீதம் குறையுதுன்னு முடிவு. மறு வருஷமே அதே இதழில் மறுப்புகள் வந்தன. ரெண்டு வகை அளவுகளைக் கலந்ததால் வந்த மாயத்தோற்றமா இருக்கலாம்கறது ஒரு முக்கியமான வாதம்.

செயற்கைக்கோள் எதுக்கு இருக்குன்னு கேப்பீங்க. கடல் நிறத்தை அளக்கற முதல் செயற்கைக்கோள் போனது 1978ல், 1986ல் நின்னுபோச்சு. தொடர்ச்சியா கணக்கு இருக்கறது 1997லிருந்துதான். நூறு வருஷ மாற்றத்தைப் பேசணும்னா பழைய தட்டுக் கணக்குதான் கதி. அதுலயோ ஊர்ப்பட்ட ஓட்டைகள்.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் இங்கிலாந்தின் பிளிமத்தில் ரிச்சர்ட் கிர்பி என்ற பிளாங்டன் ஆய்வாளர் 2013ல் படகுக்காரங்களைத் துணைக்குக் கூப்பிட்டார். 30 சென்டிமீட்டர் வெள்ளைத் தட்டு, எடை, அளவு நாடா, ஒரு கைப்பேசிச் செயலி. உலகம் சுத்தறவங்க தட்டை இறக்கி அளந்து, இடத்தோட சேர்த்து அனுப்பினாங்க. 2017ல் பிளாஸ் ஒன் இதழில் வந்த கட்டுரையில் ஆசிரியர் பட்டியலின் முதல் பேரே 'செக்கி தட்டு கடலோடிகள்'! விஞ்ஞானிகள் பேரெல்லாம் அதுக்கப்புறம்தான். எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதாங்க.

நுண்தாவரம் நிஜமாவே குறையுதான்னு ஒருத்தரோட ஒரு அளவு சொல்லிடாது. ஆனா கருவி மாறாததால், இன்னிக்கு ஒருத்தர் அளக்கறதை நூறு வருஷத்துக்கு முந்தின கணக்கோட பக்கத்தில் வச்சுப் பார்க்கலாம். இன்னும் ஐம்பது வருஷம் கழிச்சு யாராவது சண்டை போடும்போது, கையில் ஓட்டையில்லாத கணக்கு இருக்கணுமில்லையா? படகு வச்சிருக்கற நண்பர்கள் யாராச்சும் இருந்தா காதில் போட்டு வைங்க மக்களே. ஒரு தட்டுதானே :-)