அரசு ஆவணங்களில் பாலினம்

பிறப்புச் சான்றிதழ் முதல் கடவுச்சீட்டு வரை ஒருவரை ஆண், பெண், மூன்றாம் பாலினத்தவர் என்று குறிக்கும் பதிவையும், அந்தச் சொற்களுக்குச் சட்டம் தரும் பொருளையும் பற்றியது இத்தலைப்பு. புதுச்சேரி வட்டாரத்தில் இதற்கு இரட்டை வரலாறு உண்டு. தமிழ்நாட்டு நிலத்துக்கும் கடலுக்கும் நடுவே தனித் துண்டாகக் கிடக்கும் காலாப்பட்டில் பிரெஞ்சுச் சட்டம் செல்லுபடியானது; எல்லையைத் தாண்டினால் பிரிட்டிஷ் இந்தியச் சட்டம்.

1819இல் புதுச்சேரியில் நடைமுறைக்கு வந்த பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தொகுப்பின் 57ஆம் பிரிவு, பிறப்புப் பதிவில் குழந்தையின் பாலினத்தைக் கட்டாயம் குறிக்கச் சொன்னது. பாலினம் எதைப் பொறுத்தது என்று அது விளக்கவில்லை. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் விளக்க முயன்றது: எந்த வயதிலும் உள்ள ஆண்பால் மனிதர் ‘ஆண்’, பெண்பால் மனிதர் ‘பெண்’ என்றது அதன் 10ஆம் பிரிவு. கேட்ட கேள்வியையே பதிலாகத் திருப்பித் தந்த இந்த வரையறை ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் நீடித்தது. அதைவிடக் கொடியது 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம். வட இந்திய மாகாணங்களில் ‘அலிகள்’ என்று அரசு கருதியவர்களுக்குத் தனிப் பதிவேடு திறக்க அது வழிசெய்தது. பதிவேட்டில் ஏறியவர் பெண் உடையில் தெருவில் நின்றால் பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். அவர் உயில் எழுதவோ பிள்ளையைத் தத்தெடுக்கவோ முடியாது. பாலினத்தைச் சட்டம் வரையறுத்தால் என்ன ஆகும் என்ற அச்சம் இன்றும் திருநர் சமூகத்தில் இருப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

விடுதலைக்குப் பின் திருப்பம் தமிழ்நாட்டில் தொடங்கியது. 2008 ஏப்ரல் 15 அன்று அரவாணிகள் நலவாரியம் அமைந்தது. குடும்ப அட்டையில் மூன்றாம் பாலினம் இடம்பெற்றது. 2009இல் தேர்தல் ஆணையம் வாக்காளர் பட்டியலில் ‘இதரர்’ என்ற பிரிவைச் சேர்த்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 4,87,803 பேர் ‘பிற’ என்ற குறியீட்டின் கீழ் எண்ணப்பட்டனர்.

2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் ‘நால்சா’ வழக்கில் தீர்ப்பளித்தது. ஒருவரின் பாலினத்தை முடிவு செய்யும் உரிமை அவருக்கே உண்டு என்றும், அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்குவது சட்டவிரோதம் என்றும் நீதிபதிகள் கே. எஸ். ராதாகிருஷ்ணன், ஏ. கே. சிக்ரி அமர்வு கூறியது. மறு ஆண்டு ஏப்ரல் 24 அன்று திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைத் தனிநபர் மசோதாவை மாநிலங்களவை நிறைவேற்றியது. தனிநபர் மசோதா ஒன்று அந்த அவையில் நிறைவேறி அப்போது 45 ஆண்டுகள் ஆகியிருந்தன. மக்களவையில் அது நிறைவேறவில்லை. அரசு 2016இல் கொண்டுவந்த மாற்று மசோதா, திருநரை முழு ஆணும் இல்லாத முழுப் பெண்ணும் இல்லாத பிறவியாக வரையறுத்துக் கடும் எதிர்ப்பைச் சம்பாதித்தது.

2019இல் நிறைவேறிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் அந்த வரையறையைக் கைவிட்டது. பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்தோடு பொருந்தாதவர் திருநர் என்றது. கின்னர், ஹிஜ்ரா, ஜோக்தா ஆகியோருடன் ‘அரவாணி’ என்ற தமிழ்ச் சொல்லும் மத்தியச் சட்டத்துக்குள் நுழைந்தது. 2020 விதிகளின்படி விண்ணப்பமும் உறுதிமொழிப் பத்திரமும் கொடுத்தால் மருத்துவப் பரிசோதனையின்றி மாவட்ட ஆட்சியர் சான்றிதழ் வழங்க வேண்டியிருந்தது. ஆனால் ஆண் அல்லது பெண் என்று திருத்த, சிகிச்சைக்கான மருத்துவச் சான்று கேட்கப்பட்டது. நால்சா தீர்ப்பு கொடுத்ததில் பாதியைச் சட்டம் திரும்ப எடுத்துக்கொண்டது என்றே சொல்ல வேண்டும்.

சொல்லின் பொருள் வாழ்க்கையைத் தொடும் இடத்தைத் தூத்துக்குடி வழக்கு காட்டியது. ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிய அதிகாரிகள் மறுத்தார்கள். இந்து திருமணச் சட்டத்தின் ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று 2019 ஏப்ரலில் மதுரைக் கிளை நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். ஊடுபால் (இன்டர்செக்ஸ்) குழந்தைகளுக்குப் பாலினத்தைத் ‘திருத்தும்’ அறுவை சிகிச்சையைத் தடைசெய்யவும் உத்தரவிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு அதற்கான அரசாணையை வெளியிட்டது. இந்தியாவில் இது முதல் தடை. 2022இல் மரியாதையான சொற்களின் தொகுப்பைத் தமிழ்நாடு அரசிதழ் வெளியிட்டது.

படிவங்களுக்கு இந்த மாற்றம் முழுதாக எட்டவில்லை. மூன்றாவது கட்டம் சேர்ந்த படிவத்திலும் கீழே ‘திரு/திருமதி/செல்வி’, ‘மகன்/மகள்/மனைவி’ என்று இருக்கும். பொருந்தாததை அடிக்கச் சொல்வார்கள். திருநர் ஒருவர் எல்லாவற்றையும் அடிக்க வேண்டியிருக்கும்.

உலகில் காற்று இருபுறமும் வீசுகிறது. அமெரிக்காவில் 2025 ஜனவரி 20 அன்று பிறப்பித்த நிர்வாக ஆணை, அரசு ஆவணங்களில் பாலினம் ஆண், பெண் இரண்டே என்றது. பிரான்சில் 2016 சட்டம் மருத்துவச் சிகிச்சை இல்லாமலே பதிவை மாற்ற வழிவிட்டது; ஆனால் மூன்றாம் குறிப்பை அந்நாட்டு உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017 மே 4 அன்று மறுத்தது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழர்கள் புதுச்சேரியில் இன்றும் வாழ்கிறார்கள். அந்தத் தீர்ப்பின்படி அவர்களின் பிரெஞ்சுப் பதிவேட்டில் இரண்டு பாலினம்தான். பக்கத்து வீட்டு இந்தியக் குடிமகனின் ஆவணத்தில் மூன்று.