கரையில் தொடங்காத கூட்டமைப்பு

1985 டிசம்பர் 8 அன்று டாக்காவில் ஏழு நாடுகளின் தலைவர்கள் தெற்காசியக் கூட்டமைப்பான சார்க்கின் சாசனத்தில் கையெழுத்திட்டார்கள். இருதரப்புப் பிணக்குகளும் சர்ச்சைக்குரிய விடயங்களும் இந்த அமைப்பில் பேசப்படமாட்டா என்று அதன் பத்தாவது உறுப்புரை விதித்தது. சண்டை வந்து கூட்டம் கலைந்துவிடக்கூடாது என்ற முன்யோசனை அது. ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து பார்த்தால், பேசவேண்டிய அனைத்தையும் அந்த உறுப்புரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது. அதே ஆண்டு ஜூலையிலும் ஆகஸ்டிலும் இலங்கை அரசும் தமிழ் அமைப்புகளும் இந்தியாவின் ஏற்பாட்டில் பூட்டானின் திம்புவில் நடத்திய பேச்சு முறிந்திருந்தது. மூன்று உறுப்பு நாடுகள் சம்பந்தப்பட்ட அந்த விடயத்துக்கு டாக்காவில் இடமில்லை. 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் குடாநாட்டின் மீது உணவுப் பொதிகளைப் போட்டபோதும், அடுத்த மாதம் இந்திய இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானபோதும் சார்க் வெறும் பார்வையாளர்தான். தெற்காசிய ஒருமைப்பாடு தோற்றதற்கு இந்திய பாகிஸ்தான் பகையைக் காரணம் காட்டுவது வழக்கம். அது உண்மையே. ஆனாலும் எல்லையோரத்து மக்களின் வாழ்க்கையைத் தொடாமல் தலைநகரங்களில் தொடங்கியதே அடிப்படைக் கோளாறு என்பதற்குப் பாக்கு நீரிணை நல்ல சான்று.

ஏனெனில் இங்கே ஒருமைப்பாடு புதிதாக உண்டாக்கவேண்டிய ஒன்றாக இருக்கவில்லை. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூரில் விலைபோனது. பனைமரச் சலாகைகள் தென்னிந்தியாவுக்குப் போயின. வல்வெட்டித்துறைக் கப்பல்கள் நாகபட்டினத்துக்கும் பர்மாவின் அரிசித் துறைமுகங்களுக்கும் ஓடின. அந்த ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் அமெரிக்கர் ஒருவருக்கு விற்கப்பட்டு, 1938இல் மாசச்சூசெற்சின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. கல்வியும் இதே வழியில் போய்வந்தது. மதராஸ் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தார். ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் நடத்திய கல்விப் பணியைச் சிதம்பரத்திலும் நடத்தினார். 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே மதராஸ் போனது. சுதந்திரத்துக்குப் பின் விசாவும் இறக்குமதிக் கட்டுப்பாடும் அந்நியச் செலாவணிச் சட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தலைமுறைகளாக நடந்த வியாபாரத்துக்குக் கள்ளக்கடத்தல் என்று பெயர் மாறியது. 1974இலும் 1976இலும் டெல்லியும் கொழும்பும் கடல் எல்லையைக் கோடிட்டன. கச்சதீவு இலங்கைக்கானது. இராமேஸ்வரத்து மீனவரோ பருத்தித்துறைக் கடற்றொழிலாளரோ அந்த மேசையில் இருக்கவில்லை.

இது பிரிட்டிஷ் பேரரசு தந்த ஒற்றுமைதானே, அதை எண்ணி ஏங்கலாமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து இலங்கையின் கரையோரத்தைப் பிடித்த கிழக்கிந்தியக் கம்பனி அதை மதராசிலிருந்தே ஆண்டது. மதராஸ் வரிமுறையும் தென்னைமர வரியும் 1797இல் கலகத்தில் முடிந்தன. மேலிருந்து திணித்த ஒருமைப்பாடு எப்படி முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை. புகையிலை வியாபாரமும் தோணிப் போக்குவரத்தும் அந்தக் கம்பனியை நம்பித் தோன்றியவை அல்ல. அதற்கு முன்பும் இருந்தன. கடல்கடந்த வாய்ப்புகள் எல்லாச் சாதியாருக்கும் ஒருபோலக் கிடைக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

ஐரோப்பா செய்ததைப் பாருங்கள் என்று சொன்னால், அங்கே இந்தியாவைப்போல ஒரே ஒரு பெரிய நாடு இல்லையே என்பார்கள். மறுப்புகளில் வலுவானது இதுதான். எனினும் 1951இல் ஆறு நாடுகள் நிலக்கரி எஃகுச் சமூகத்தை அமைத்தபோது, போருக்குக் காரணமாயிருந்த றூர், லொரேன் பகுதிகளின் நிலக்கரியையும் எஃகையும்தான் முதலில் பொது அதிகாரத்தின்கீழ் வைத்தார்கள். பிணக்கு எங்கே இருந்ததோ அங்கிருந்தே தொடங்கினார்கள். பெரிய அயலானைக் கட்டுப்படுத்தவும் பொது விதி வேண்டும். அது இல்லாததால்தான் 1987இல் சிறிய நாடான இலங்கை தனித்து நின்று பேரம்பேச நேர்ந்தது. சார்க் நாடுகளுக்கிடையிலான வர்த்தகம் அவற்றின் மொத்த வர்த்தகத்தில் இன்றும் ஏறத்தாழ 5 சதவீதம்தான். 2014 காத்மண்டு மாநாட்டுக்குப் பின் உச்சிமாநாடு நடக்கவே இல்லை.

திறந்த கடலால் வடபகுதிக் கடற்றொழிலாளர் அழிகிறார்களே என்ற குரல் குடாநாட்டுக்குள்ளிருந்தே வருகிறது. தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் வலைகளை அறுத்து, கடலடியைச் சுரண்டிச் செல்வதைக் கண்டவர்களிடம் எல்லைகளற்ற தெற்காசியா பற்றிப் பேசுவது கேலியாகத் தோன்றும். ஆனால் அந்தக் கடல் திறந்த கடலல்ல. கோடு இருக்கிறது, ரோந்தும் கைதும் இருக்கின்றன. இல்லாதது இரு கரைக்கும் பொதுவான மீன்பிடி விதி. இதற்கு முயன்றவர்களும் மீனவர்களே. 2010இல் இரு பக்கப் பிரதிநிதிகளும் சந்தித்துப் பேசி, இழுவைமடியைப் படிப்படியாகக் கைவிட ஓர் இணக்கத்துக்கு வந்தார்கள். அதை இரு அரசுகளும் கையேற்று நடத்தவில்லை. 2017இல் இலங்கை தன் பங்குக்கு இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. 2023 அக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் மறுபடி விடப்பட்டது. அதையும் இரு தலைநகரங்களே தீர்மானித்தன.